வீட்டிலிருந்து வேலை: சொந்த அறையா, வாடகை மேசையா, கடை மேசையா?

"வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னறையைச் சரிசெய்து ஏர்கோன் போடலாமா, இல்லை மாதக் காசு கட்டி கோவொர்க்கிங்கில் உட்காரலாமா?" கோலாலம்பூர் வட்டாரத்தில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து இந்தக் கேள்வி விடாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் செந்தூல் ஃபிளாட்டில் அப்பா அம்மாவோடு இருப்பார். இன்னொருவர் பூச்சோங்கில் மாடி வீடு, இரண்டு பிள்ளைகள். மூன்றாமவர் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் தனியாக இருப்பவர். மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தவறான பதிலாக இருக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசை கிடைத்தவர் அதில், கிடைக்காதவர் கட்டிலில். இப்போது நிலைமை அப்படி இல்லை. வீட்டு அறை, கோவொர்க்கிங் (பலரும் பகிரும் ஆபீஸில் வாடகை மேசை), கஃபே அல்லது மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), நூலகம் என்று நான்கு வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன.

முதலில் எண்ண வேண்டியது

பெரும்பாலோர் நாற்காலி விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். கடந்த இரண்டு மூன்று வாரக் காலண்டரைத் திறந்து, நீங்கள் வாய் திறந்து பேசிய மணிநேரத்தை மட்டும் கூட்டுங்கள். மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மீட்டிங் இந்தக் கணக்கில் சேராது. வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம்தான் வருகிறது என்றால் உங்களுக்கு நான்கு வழியும் திறந்திருக்கிறது. 10 மணியைத் தாண்டினால் கஃபேயும் நூலகமும் அடிபடும். 20ஐ நெருங்கினால் கோவொர்க்கிங்கின் பொது மேசையும் சரிவராது. அங்கேயோ வீட்டிலேயோ, கதவு உள்ள ஓர் அறை வேண்டும். நாற்காலி, இணைய வேகம், காசு எல்லாம் இதற்கு அடுத்துதான். நிரல் எழுதுபவருக்கும் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்கலாம். தேவைப்படும் இடம் ஒன்றல்ல.

இரண்டாவது, எந்த ஊர்க் கடிகாரத்துக்கு வேலை பார்க்கிறீர்கள் என்பது. சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 5 மணிக்கு வைக்கும் மீட்டிங் இங்கே இரவு 7:30. லண்டன் காலை 9 மணி, அங்கே குளிர்காலமென்றால் நமக்கு மாலை 5, கோடையென்றால் 4. சிட்னி காலை 9 மணியோ நமக்கு காலை 7. அங்கே கோடை நேரம் ஓடும் மாதங்களில் 6. சிங்கப்பூரோடு வேலை பார்ப்பவருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, இணையம். நான்காவது, வெக்கையும் அதைத் தணிக்க ஆகும் மின்கட்டணமும். ஐந்தாவது, மொத்தச் செலவு: மாதக் கட்டணம் மட்டுமல்ல, பயணம், பார்க்கிங், வைப்புத்தொகை, வெளியில் சாப்பிடும் காசு எல்லாம் சேர்த்து. கடைசியாக, பகலில் உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, பின்னால் அதிகம் புலம்புவதும் இதைப் பற்றித்தான்.

வீட்டில் ஓர் அறை

இணையத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய அவசியம் குறைவு. ஸூம் கொடுக்கும் கணக்குப்படி, குழு மீட்டிங்கில் 720பி தரத்தில் படம் போக வர, அனுப்ப 2.6 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), பெற 1.8 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கும் வீட்டில் கணவன், மனைவி, ஆன்லைன் டியூஷனில் ஒரு பிள்ளை என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தாங்கும். அப்புறம் ஏன் முகம் உறைந்து நிற்கிறது? பெரும்பாலும் சுவர்தான் காரணம். நம் மாடி வீடுகளில் ரவுட்டர் முன்ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கும், நீங்கள் உட்காருவது மாடியில் பின்னறை. நடுவே இரண்டு செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தளமும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சுருண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டி வரும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு நெரிசலில் நிற்கும். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுவதற்கு முன்னால் ரவுட்டரையும் கணினியையும் நேராக இணைக்கும் ஒரு நீளமான லேன் கம்பி வாங்கிச் சுவரோரமாக இழுத்துப் பாருங்கள். முப்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும், பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினையும் முடிந்துவிடும்.

கொண்டோவில் இருப்பவர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சில பழைய அடுக்குமாடிகளில் கட்டடம் வரைக்கும்தான் ஃபைபர் வரும். அங்கிருந்து வீட்டுக்குப் பழைய தொலைபேசிக் கம்பி. அப்படியென்றால் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, எவ்வளவு காசு கொடுத்தாலும் அதற்கு மேல் வராது. யூனிஃபை, மேக்சிஸ், டைம் என்ற இணைய நிறுவனங்களில் எது உங்கள் கட்டடத்துக்குள் உண்மையில் வந்திருக்கிறது என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். டைம் பெரும்பாலும் அடுக்குமாடிகளில்தான் கிடைக்கும், தாமான் வீட்டில் இருப்பவர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வருடத்தில் வீடு மாறுவோமா என்று யோசிக்க வேண்டும். நடுவில் விட்டால் அபராதம். அவர்களுக்கு 5ஜி வீட்டு ரவுட்டர் தோது. சன்னலோரம் வைத்தால் நன்றாக எடுக்கும், உள்ளறையில் சுமார்தான்.

சரி, அடுத்தது மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நாலு மணிக்கு வானம் கறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லண்டன்காரன் மீட்டிங் தொடங்கும் நேரமும் அதேதான். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஆனால் மோடத்துக்குப் போகும் மின்கம்பியிலும் செம்பு லேன் கம்பியிலும் பாயும். எங்கோ விழும் இடிக்கு நம் வீட்டு மெயின் பெட்டியில் சுவிட்ச் 'டக்' என்று கீழே விழும். வீடே இருட்டாகும், மடிக்கணினி மட்டும் பேட்டரியில் விழித்திருக்கும், ரவுட்டர் செத்திருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறி சுவிட்சைத் தூக்கி, ரவுட்டர் மறுபடி விழித்து இணையம் பிடிக்க நாலைந்து நிமிடம் போய்விடும். இதற்கு மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மட்டும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் போதும். சுமார் நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் கருவிகள் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் வாங்க மனமில்லாதவர் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு எப்படி மாறுவது என்று ஒரு நல்ல நாளிலேயே பழகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன வேகத்தில் ஒரு மணி நேர மீட்டிங்குக்கு கிட்டத்தட்ட 2 ஜிபி போகும். வீடியோவை அணைத்துவிட்டால் அதில் சிறு பங்குகூட ஆகாது.

வெக்கைக்கு வருவோம். மேற்கு பார்த்த மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் காத்தாடி வெந்நீரைத்தான் வீசும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன், இன்வெர்ட்டரா இல்லையா என்பதைப் பொறுத்து, எட்டு மணி நேரத்துக்கு சுமாராக 4 முதல் 6 யூனிட் இழுக்கும். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 90 முதல் 130 யூனிட். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரம், கொள்ளளவு, கம்பித்தடம் என்ற மூன்று கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். பெருக்கிப் பார்த்தால் 40 முதல் 58 வெள்ளி. ஆனால் பில் அதைவிடக் கூடத்தான் வரும். 1,000 யூனிட் வரை கிடைக்கும் சிக்கனச் சலுகை, பயன்பாடு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். இதுவரை 550 யூனிட்டில் நின்ற வீடு ஏர்கோனால் 600ஐத் தாண்டினால் பில்லில் 'ரீட்டெயில்' என்று வரும் 10 வெள்ளிக் கட்டணமும், தாண்டிய யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் சேரும். அதனால் டிஎன்பி மின்பில்லை எடுத்து, இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் செலவு: ஓரளவு நல்ல நாற்காலியும் மேசையும் 700 முதல் 1,000 வெள்ளி, ஏர்கோன் பொருத்துகூலியோடு 1,200 வாக்கில், சில்லறைச் சாமான்கள் 200. இரண்டு வருடத்துக்குப் பரப்பிப் பார்த்தால், மின்கட்டணமும் சேர்த்து மாதம் 160 வெள்ளி பக்கம். நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆபீஸ் காலி செய்பவர்கள் விற்கும் பழைய நாற்காலி, அதே விலைக்கு வரும் புது 'கேமிங்' நாற்காலியைவிட முதுகுக்கு நல்லது என்பது என் கட்சி. அந்தச் சிவப்பு கறுப்பு மெத்தை நம் வெயிலுக்கு முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த 160 வெள்ளிக் கணக்கு, அறை ஏற்கெனவே சும்மா கிடக்கிறது என்ற நினைப்பில் போட்டது. சும்மா கிடக்காவிட்டால் அந்த அறைக்கே ஒரு விலை உண்டு. ஓர் அறை கூடுதலாக இருக்கும் வீட்டுக்கு மாறினால் மாத வாடகை சில நூறு வெள்ளி ஏறும். வாடகைக்கு விட்டிருந்த அறையைக் காலி செய்து ஆபீஸ் ஆக்கினால் அந்த வருமானமும் போயிற்று.

இனி சத்தம். தாமானில் காலையில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், அவர் போனதும் 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியோடு பழைய பேப்பர் லோரி. இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிடத்தில் தெருமுனை தாண்டிவிடுவார்கள். கொண்டோவில் இருப்பவர் பாடுதான் மோசம். புதுப்பிப்பு வேலைக்கு நிர்வாகம் அனுமதிக்கும் நேரம் பெரும்பாலும் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை. மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து வைத்த விதி அது. மேல்வீட்டில் தரை ஓடுகளை உடைக்க ஆரம்பித்தால் வாரக்கணக்கில் உடைப்பார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமானது "வீட்டுலதானே இருக்கே" என்ற வாக்கியம். கூரியர் வந்தால் கையெழுத்துப் போட, கேஸ் தோம்பு வந்தால் கதவைத் திறக்க, தமிழ்ப்பள்ளி விட்டதும் மதியம் பிள்ளைகளைக் கூட்டி வர, பாட்டியை கிளினிக்குக்குக் கொண்டுபோக என்று வீட்டின் எல்லாப் பகல் வேலைகளும் உங்கள் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். என் பெரியம்மாவுக்கு மடிக்கணினி முன்னால் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பது வேலையாகவே தெரியாது. ஹெட்செட் மாட்டிப் பேசினால் மட்டும் "தம்பி வேலையா இருக்கான்" என்று மற்றவர்களை அடக்குவார். இதில் பெண்கள் நிலைமை இன்னும் மோசம். மருமகள் வீட்டில் இருந்தால் மதியச் சமையல் அவள் தலையில் விழும், காலண்டரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கதவு சாத்தினால் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பழக்கத்தை வீட்டில் கொண்டுவர முடியுமா? முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தால் ஏர்கோனுக்குக் காசு போடாதீர்கள், அந்தக் காசை வெளியில் மேசைக்குக் கொடுங்கள்.

வரிப் பக்கம் ஒரு சின்ன விஷயம். வாழ்க்கைமுறை வரிக்கழிவு 2,500 வெள்ளிக்குள் கணினியும் மாத இணையக் கட்டணமும் அடங்கும். ஆனால் இணைய பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பில் அப்பா பெயரிலும் காசு பிள்ளையிடமிருந்தும் போவது வழக்கம். அப்படியிருந்தால் கழிவு கேட்க முடியாது.

கோவொர்க்கிங்

கேஎல் சென்ட்ரல், பங்சார் சவுத், டிடிடிஐ, சுபாங் ஜெயா என்று இவை பரவிவிட்டன. குறிப்பிட்ட இருக்கை இல்லாத பொது மேசை மாதம் சுமார் 300 முதல் 500 வெள்ளி, ஒரு நாளைக்கு மட்டும் என்றால் 30 முதல் 60. இணையம், ஏர்கோன், கோப்பி, முதுகைக் கெடுக்காத நாற்காலி எல்லாம் உண்டு. தனியாக வாழ்பவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது: பகலில் நாலு மனித முகம் பார்க்கலாம். வாடகை அறையில் தனியாக இருந்து வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இதை நான் முதலாவதாகவே சொல்வேன், செலவு கூடுதல் என்றாலும்.

மறைந்திருக்கும் செலவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைப்புத்தொகை எவ்வளவு? மீட்டிங் அறை மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு? போன் பேசும் கண்ணாடிப் பெட்டிகள் எத்தனை? ஐம்பது பேர் உட்காரும் தளத்தில் மூன்று பெட்டிதான் என்றால் காலை பத்து மணிக்கு அங்கே வரிசை நிற்கும். அதற்குள் நுழைந்தவர் லேசில் வெளியே வரமாட்டார், உள்ளே காற்றும் அவ்வளவாக இருக்காது. அதனால்தான் பேசும் நேரம் அதிகமுள்ளவருக்குப் பொது மேசை தோதில்லை என்கிறேன். அவருக்கு வேண்டியது தனி அறை, அதன் கட்டணம் பொது மேசையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்: மாலையில் ஏர்கோன் எத்தனை மணிக்கு நிற்கும்? '24 மணி நேரமும் வரலாம்' என்று விளம்பரத்தில் இருக்கும். கதவு திறக்கும், உண்மைதான். ஆனால் கட்டடத்தின் மத்திய ஏர்கோனை ஆறு ஏழு மணிக்கு அணைத்துவிடும் இடங்கள் உண்டு. கண்ணாடிச் சுவருக்குள், திறக்க முடியாத சன்னல்களோடு, இரவு எட்டு மணிக்கு சென்னைக்காரர்களிடம் பேசிக்கொண்டு வேர்த்துக் கொட்டுவதற்கா மாதம் 400 வெள்ளி?

பயணச் செலவு உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மை50 பாஸ் இருந்தால் 50 வெள்ளிக்கு 30 நாளும் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பஸ் எல்லாவற்றிலும் போகலாம். கேடிஎம் கொமியூட்டர் அதில் சேராது, அதனால் கிள்ளானிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ வருபவருக்கு டிக்கெட் தனிச் செலவு. செந்தூல்காரருக்கு இரண்டு வழியும் உண்டு: கொமியூட்டரில் ஏறினால் நேரே கேஎல் சென்ட்ரல், பாஸில் போக வேண்டுமென்றால் செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாற வேண்டும். காரில் போவேன் என்பவர் ஒவ்வொரு டோலையும் கட்டடத்தின் மாதப் பார்க்கிங்கையும் சேர்த்துக் கூட்டட்டும். பல இடங்களில் பார்க்கிங் மட்டுமே மேசைக் கட்டணத்தில் பாதிக்கு வந்து நிற்கும். ஆபீஸ் போகாமல் மிச்சமான நெரிசலை மறுபடி காசு கொடுத்து வாங்கியது போலாகும்.

கஃபே, மாமாக் கடை

ஒரு தே தாரிக் வாங்கிவிட்டு மாமாக்கில் இரண்டு மணி நேரம் உட்காரலாம், அண்ணே ஒன்றும் சொல்லமாட்டார். காலை பசியாறும் கூட்டம் கலைந்த பிறகு, மதிய நாசி கண்டார் கூட்டம் சேருவதற்கு முன்னால், பத்து முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை இருப்பதால் அந்தத் தொல்லையும் குறைந்திருக்கிறது. மின்சுவிட்ச் பக்கத்து மேசை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஈரத்துணியால் துடைத்த மேசையில் மடிக்கணினியை வைக்குமுன் ஒரு டிஷ்யூ எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

கஃபேயில் ஏர்கோனும் சுவிட்சும் உண்டு, ஆனால் அது 'இலவச ஆபீஸ்' அல்ல. ஒரு கோப்பியும் ஒரு கேக்கும் 25 வெள்ளி, மூன்று மணி நேரம் ஆனதும் கூச்சத்தில் இன்னொன்று. மாதத்தில் பத்து நாள் இப்படிப் போனால் கோவொர்க்கிங் மாதக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், முதுகுவலியும் சர்க்கரையும் தனி. மீட்டிங்குக்கு இது இடமே இல்லை: பின்னால் பால் நுரைக்கும் இயந்திரம் அலறும், பக்கத்து மேசைக்காரர் உங்கள் வாடிக்கையாளர் விவரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பொது வைஃபையில் வேலைக் கோப்புகளைத் திறக்கக்கூடாது என்று பல கம்பெனிகளில் விதியே இருக்கிறது. வங்கி, காப்புறுதி, மருத்துவத் தரவு பார்ப்பவர்கள் திரையில் ஒரு வாடிக்கையாளர் பெயர் தெரிந்தாலே சிக்கலில் மாட்டலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட், கம்பெனி விபிஎன் (இணைப்பைப் பூட்டும் பாதுகாப்பு வழி), சுவருக்கு முதுகு காட்டி உட்காருவது: இந்த மூன்றும் முடியும் என்றால் மட்டும் போங்கள்.

வீட்டில் இடி, சண்டை, மேல்வீட்டு டிரில் என்று ஏதாவது நடக்கும் நாளில் இரண்டு மணி நேரம் தப்பித்துப் போக இதைவிட நல்ல இடம் இல்லை. தினசரி ஆபீஸாக வேண்டாம்.

நூலகம்

ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், மெர்டேக்கா சதுக்கம் அருகே கோலாலம்பூர் நூலகம், ஷா ஆலாமில் ராஜா துன் ஊடா நூலகம். ஏர்கோன் உண்டு, அமைதி உண்டு, காசு இல்லை. பேச முடியாது. எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், கணக்கு முடிப்பவர், தேர்வுக்குப் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு வாரத்தில் ஓரிரு நாள் பிரமாதம். பொது விடுமுறைகளையும் மூடும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே பார்வையில்

| | வீட்டு அறை | கோவொர்க்கிங் | கஃபே / மாமாக் | நூலகம் |
|---|---|---|---|---|
| வாரத்தில் பேசும் நேரம் | கதவு இருந்தால் எவ்வளவும் | பொது மேசையில் 10–15 மணி வரை | 3–4 மணி, அதுவும் அவசரத்துக்கு | பேசவே முடியாது |
| இரவு, அதிகாலை மீட்டிங் | சிறந்தது | ஏர்கோன் நேரம் கேட்க வேண்டும் | மாமாக் திறந்திருக்கும், சத்தம் | முடியாது |
| இணையம் | நம் கையில். மின்னலுக்கு யுபிஎஸ் | நிலையானது | நம்பக்கூடாது | சுமார் |
| மாதச் செலவு | 160 வெள்ளி வாக்கில். அறைக்கு வாடகை இருந்தால் கூடும் | 300–500, பயணமும் பார்க்கிங்கும் தனி | பத்து நாளுக்கு 250–400 | பயணம் மட்டும் |
| மறைந்த செலவு | மின்சாரம், வீட்டு வேலைகள் | வைப்புத்தொகை, மீட்டிங் அறை | ரகசியக் காப்பு, முதுகு | மூடும் நேரம் |

எங்கே போனாலும் கூட வரும் சாமான்

இடத்துக்குப் போடும் காசில் கொஞ்சம் காதுக்கும் வாய்க்கும் போடுங்கள். வாய்க்குப் பக்கத்தில் மைக் நீட்டிக்கொண்டிருக்கும், கம்பியுள்ள யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று 100 முதல் 200 வெள்ளிக்குள் கிடைக்கும். விலை உயர்ந்த புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் பல புளூடூத் கருவிகள், மைக்கைத் திறந்த உடனே பழைய அழைப்பு முறைக்கு மாறி ஒலித் தரத்தைக் குறைத்துவிடும். பாட்டுக்குத் தேன், மீட்டிங்குக்குத் தகரம். ஸூம், டீம்ஸ் இரண்டிலும் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. அதை 'அதிகம்' என்று வைத்தால் காத்தாடிச் சத்தமும் ரொட்டிக்காரர் ஹாரனும் பெருமளவு அடங்கும். டிரில்லுக்கு மட்டும் அது பத்தாது.

மீட்டிங் செயலியைப் பொதுவாகக் கம்பெனிதான் முடிவு செய்யும். சொந்தத் தொழில் செய்பவர் மட்டும்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஸூம் இலவசக் கணக்கில் மீட்டிங் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடம். வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியைக்கு அந்த 20 நிமிட வித்தியாசமே போதிய காரணம்.

யாருக்கு எது

பூச்சோங்காரருக்கு, பேசும் நேரம் அதிகமென்றால், மாடி அறையும் லேன் கம்பியும் யுபிஎஸ்ஸும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரத்தை ஒளித்து வைக்காமல் காலண்டரில் போட்டு அடைத்துவிடட்டும். வாரத்தில் ஒரு நாள் கோவொர்க்கிங் நாள்பாஸ் எடுத்தால் மூச்சு விடலாம். அதற்கு மாதம் 120 முதல் 240 வெள்ளி வாக்கில் ஆகும்.

செந்தூல் ஃபிளாட்காரருக்கு அறை இல்லை, படுக்கையறைதான் இருக்கிறது. அவர் பேசும் நேரம் குறைவென்றால் இரண்டு நாள் நூலகம், மிச்ச நாள் வீடு. அதிகமென்றால் கோவொர்க்கிங் தவிர வேறு வழி தெரியவில்லை. கம்பெனியிடம் பாதிக் கட்டணமாவது கேட்டுப் பார்க்கலாம். ஆபீஸ் மேசையைக் குறைத்து அவர்கள் வாடகையை மிச்சம் பிடிக்கிறார்கள் அல்லவா?

பிரிக்பீல்ட்ஸ்காரர் கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். அவருக்குப் பயணச் செலவும் இல்லை, பார்க்கிங்கும் இல்லை. அறையில் ஏர்கோன் போட்டு வீட்டுக்காரரோடு மின்பில் தகராறு செய்வதைவிட மாதப் பாஸ் எடுப்பது மேல். ஆனால் பாஸ் எடுக்குமுன் ஒரு நாள் கட்டணம் கட்டி, உங்கள் முக்கியமான மீட்டிங் நடக்கும் அதே நேரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். காலியான பகல் நேரத்தில் சுற்றிக் காட்டும்போது எந்த இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

காகிதத்தில் இருக்கட்டும்

இடத்துக்குக் காசு போடுமுன், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாடு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி ஏர்கோன் வாங்கியவருக்கு, அடுத்த மாதம் புது மேலாளர் வந்து "எல்லாரும் ஆபீஸ் வாங்க" என்றால் கேட்க நாதி இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60P, 60Q என்ற இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் எந்தெந்த நாள், எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தெளிவாக எழுதுங்கள். கோவொர்க்கிங்கிலிருந்தும் பார்ப்பீர்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'வீடு' என்று மட்டும் ஒப்புக்கொண்ட கம்பெனி வெளியிடத்தில் மடிக்கணினி திறப்பதை ஏற்காமல் போகலாம். பதில் கடிதம் கைக்கு வந்த பிறகு நாற்காலி பார்க்கப் போகலாம்.